லைனுக்குத் தெரியாமல் கேட்பது

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் பழுது சொல்ல யாரும் வருவதில்லை. எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். ஒன்றில்கூட இப்போது தொலைபேசிக் கம்பி உள்ளே போகவில்லை. அது தெரிந்திருந்தும் வெளியே போனால் மேலே பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். இந்தப் பழக்கத்தால் பெரிய காஞ்சிபுரத்தில் இரண்டு முறை மாட்டின் மேல் மோதியிருக்கிறேன். இரண்டு முறையும் மாடுதான் பெருந்தன்மையாக நடந்துகொண்டது.

அதனால், சென்ற ஆடி மாதத்தில் எஸ்தர் வந்து வாசலில் நின்றபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். எஸ்தர் காஞ்சிபுரம் தொலைபேசி நிலையத்தில் என்னோடு, லைன் பழுதுகளைக் கண்டறியும் சோதனை மேசையில் வேலை பார்த்தவர். எனக்குப் பதினோரு வருடம் இளையவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார்.

"சார், ஒரு ஃபால்ட்டு புக் பண்ணிக்கினு போலாம்னு வந்தேன்" என்றார்.

"எந்த லைன்மா?"

"என் காதுதான் சார்."

உட்கார வைத்து விவரம் கேட்டேன். சென்னையில் ஒரு நிறுவனம். கிராமங்களில் பெண்களிடம் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவை அனுப்புகிறார்கள். கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், தாயாரை விட்டு நகர வேண்டியதில்லை. ஆனால் முதலில் மூன்று தொகுப்புகள் பரீட்சை போல வரும். அவற்றில் ஒன்றாவது தேற வேண்டும். மூன்றும் திரும்பினால் வேலை இல்லை. முதல் தொகுப்பு திரும்பிவிட்டது.

"பேசற பொம்பளைங்க தூரத்துல உக்காந்துக்கினு இருக்காங்க சார். ஃபேன் சத்தம், கோழிச் சத்தம் எல்லாம் நல்லா கேக்குது. அவங்க பேச்சு மட்டும் கேக்கல. லேப்டாப்புல சவுண்ட முழுசா வெச்சா உஸ்ஸுங்குது."

அவருடைய தம்பி ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தக் கூடத்தை மூடியபோது கொண்டுவந்த பெரிய ஹெட்போன் ஒன்று வீட்டில் இருந்தது. நல்ல சாமான்தான், ஆனால் லேப்டாப்பின் துளையிலிருந்து வரும் பலம் அதற்குப் போதவில்லை. தம்பி சொன்னாராம், நடுவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்தால் சரியாகிவிடும் என்று. கையில் இருப்பது ஒரே ஒரு பெட்டி வாங்கத்தான் காணும். தவறாக வாங்கிவிட்டு இன்னொன்று வாங்க வழி கிடையாது.

"ஹெட்போன் எத்தனை ஓம்?" என்றேன்.

"நீங்க அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். பாத்துக்கினுதான் வந்தேன். எண்பது."

இங்கே என்னுடைய படிப்பைப் பற்றி ஒரு பத்தி சொல்ல வேண்டும். பயிற்சி மையத்தில் எங்களுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் மறந்தாலும் ஒன்று மறக்காது: பொருத்தம். அனுப்பும் கருவியின் மின்தடை எத்தனை ஓமோ, வாங்கும் கருவிக்கும் அத்தனை ஓம் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் அறுநூறு என்றால் அந்தப் பக்கமும் அறுநூறு. பொருந்தாவிட்டால் போன குரல் பாதி வழியில் மோதித் திரும்பும், பேசியவர் காதிலேயே எதிரொலிக்கும். மேசைக்கு மேலே சுவரில் நாங்களே எழுதி ஒட்டியிருந்தோம். முப்பத்தாறு வருடம் அந்த வரிக்குக் கீழே உட்கார்ந்தவன் நான்.

"பொருத்தம் பாத்துதான் வாங்கணும்" என்றேன்.

"பொருத்தம் பாத்துப் பாத்துத்தான் சார் எனக்குக் கல்யாணமே ஆவல" என்றார் எஸ்தர்.

மறுநாள் ஷெரீப் பாய் கடைக்குப் போனோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கி விற்பவர். கடையில் அவர் உட்கார இடம் இருக்கும், சாமான்கள் இருக்க இடம் இருக்கும், வாங்க வருகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும்.

"வாங்க சார், வாங்க! எஸ்தரம்மாவும் வந்திருக்காங்க. எந்தத் தெருவுல லைன் அவுட்டு?"

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் என்றதும் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டிக் கட்டு அளவில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. ஒரு குமிழ், ஒரு விளக்கு, மூன்று துளைகள், வேறு ஒன்றும் இல்லை. யாரோ ஒரு கல்லூரிப் பையன் வாங்கி ஒரு மாதத்தில் விற்றுவிட்டுப் போனதாம். மற்றது இரும்புப் பெட்டி. ஒரு கையால் தூக்க முடியவில்லை. முன்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழ். பின்பக்கம் திருகாணிகளை எண்ணினேன், பன்னிரண்டு. எல்லாம் இருந்தன. இந்தக் காலத்தில் பன்னிரண்டு திருகாணியும் இருக்கிற பெட்டியைப் பார்ப்பது அரிது.

இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். நான் சோதனையைத் தொடங்கினேன். ஒன்றும் ஓட விடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழை முழுக்கத் திருப்பி இரைச்சல் கேட்டேன். பிறகு மெதுவான பாட்டு ஒன்றை வைத்து, குமிழை அடியிலிருந்து மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். மலிவான பெட்டியில் அந்த இடத்தில் ஒரு காது முன்னதாக வரும், மறு காது தாமதமாக வரும். இரண்டிலும் அந்தக் குறை இல்லை. இரும்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், ரீங்காரம் எழவில்லை. எழுபது தாண்டிய காது என்றாலும் இதற்கெல்லாம் பழகிய காது.

"பாய், உள்ளுக்குள்ள எத்தனை ஓம்?"

"சார், இத்தினி வருசமா கடை வெச்சிருக்கேன். இதை நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டின் காகிதத்தையும் தேடிக் கொடுத்தார். இரும்புப் பெட்டிக்கு நூறு. கறுப்புப் பெட்டிக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஒன்றுக்கும் குறைவு! அந்தப் பக்கம் எண்பது, இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. இதைக் கட்டியவனை எங்கள் பயிற்சி மையத்தில் ஒரு வகுப்புகூட உட்கார விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இரும்புப் பெட்டியைக் காட்டி, "எண்பதுக்கு நூறு. நல்ல பொருத்தம். இதை எடுத்துக்கோ" என்றேன்.

எஸ்தர் சின்னப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வீட்ல எடத்த அடைக்காது சார்."

"எடத்தப் பாத்து வாங்கற சாமானா இது?"

"சரி சார். நீங்க சொன்னா சரிதான்."

ஷெரீப் பாய் எனக்காக ஒரு சலுகை செய்தார். பிடிக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம், சின்னப் பெட்டியை அதுவரை வேறு யாருக்கும் தருவதில்லை. "ஜாஸ்தி நாள் வெக்க முடியாது சார். காலேஜ் பசங்க கேட்டுக்கினே இருக்கானுங்க."

ஆட்டோவில் இரும்பை ஏற்றி அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதி ஒரு இரவுகூடத் தங்கவில்லை. இரும்புப் பெட்டிக்கு எர்த் இணைப்பு சரியாக இருக்குமா, எஸ்தர் வீட்டுச் சுவரில் மூன்று துளைப் பிளக்கு இருக்குமா, ஈரக் கையோடு தொடுவாரா என்று கவலை ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. காலையில் தொலைபேசியில் கேட்டேன்.

"கும்முனு இருக்குது சார்" என்றார்.

அடுத்த நாளும் கேட்டேன். "கும்முனு இருக்குது சார். நீங்க கவலப்படாதீங்க."

மூன்றாம் நாளும் அதே பதில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சோதனை மேசையில் இருந்த காலத்தில் எஸ்தர் ஒரு லைனைப் பற்றி இரண்டு நாள் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. சொல்ல மனமில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

உள் அறையிலிருந்து அவருடைய தாயார் குரல் கொடுத்தார். "யாருடி அது?"

"நம்ம டெஸ்க்கு சார்மா."

"டெலிபோன்காரரா? அன்னிக்கி சொன்ன ஃபால்ட்ட இன்னிக்கிதான் பாக்க வராரா?"

"பாருங்க சார், அது பழைய கம்ப்ளெய்ன்ட்டு. இன்னும் குளோஸ் பண்ணல" என்று சிரித்தார் எஸ்தர். ஆனால் முகம் சரியில்லை. கேட்டேன். இரண்டாவது தொகுப்பும் திரும்பிவிட்டது. முதல் தொகுப்பைவிட அதிகத் தவறு. மூன்றாவது தொகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது, திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எனக்காக அவ்ளோ தூரம் அலைஞ்சீங்க. பெட்டி மேல தப்பு சொன்னா உங்க மேல சொன்ன மாதிரி ஆயிடும். என் காதுதான் போயிடுச்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். பதிவு ஓடியது. சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அம்மாள் ஒரு பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல இருந்தது. மின்விசிறியின் கனத்த சத்தம் வீங்கிப்போய் எல்லாவற்றையும் மூடியது. சொல்லின் ஓரங்கள் தேய்ந்து, எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. கும்மென்று இருக்கிறது என்று எஸ்தர் சொன்னது பொய் இல்லை. அதுதான் பழுதே.

நான் வயரைக் குறை சொன்னேன். பிளக்கைக் குறை சொன்னேன். ஹெட்போனின் பஞ்சு தேய்ந்திருக்கிறது என்றேன். எஸ்தர் எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"சார், ருக்மணி லைன் ஞாபகம் இருக்குதா? அன்னிக்கி வரதன் சார் பெட்டிக்கு என்னா பொருத்தம் பாத்தீங்க?"

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

வரதன் சார் எங்கள் இளநிலைப் பொறியாளர். உயரமானவர், மெல்லப் பேசுவார். லைன்மேனைக்கூட "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். பழுது பார்க்கப் போன வீட்டில் உட்கார மாட்டார். தண்ணீர் கொடுத்தால் வாங்கி, குடித்து, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டி நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வார். "ஒரு காது லைனுக்கு, ஒரு காது தெருவுக்கு" என்பார். நாங்கள் அதை அவருடைய கிறுக்கு என்று நினைத்திருந்தோம்.

இங்கிருந்து ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிள்ளையார்பாளையத்தில் ருக்மணி என்ற பெண்ணின் கணவர் குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று காலையில்தான் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். அந்த அம்மாள் கொடுத்த புகார் இதுதான்: மணி ஒரு முறை அடித்து நின்றுவிடுகிறது.

லைன்மேன்கள் ஏழு முறை போய்ப் பார்த்துவிட்டார்கள். காலையில் எழுதிக்கொடுக்கும் புகாருக்கு அவர்கள் போய்ச் சேர மத்தியானம் ஆகும். தங்கள் கருவியைக் கம்பியில் மாட்டுவார்கள், டயல் டோன் கணீரென்று வரும், நிலையத்துக்குப் பேசுவார்கள், எல்லாம் நன்றாக இருக்கும். ஏழு முறையும் "சரியாக உள்ளது" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

எட்டாவது முறை ருக்மணி நிலையத்துக்கே வந்துவிட்டார். கூடவே மாமியார்.

"எம் புள்ள அங்கேர்ந்து காச கொட்டி போன் போடறான். இவ எடுத்துட்டு வாயத் தொறக்க மாட்றாளாம். ஊருக்கு வந்த ஆளுகிட்ட சொல்லி அழுதிருக்கான். என்னா கோவம் இவளுக்கு, கேளுங்க சார்" என்றார் மாமியார்.

"நான் எடுக்கவேயில்ல சார். எடுக்க ஓடியாரதுக்குள்ள நின்னுடுது. அவருதான் ஒரு ரிங்கு வுட்டுட்டு கட் பண்றாரு. எத்தினி வாரமா இப்படி. வேணாம்னா வேணாம்னு சொல்லிட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கணவர் சொல்கிறார், அவள் எடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள் என்று. மனைவி சொல்கிறார், எடுப்பதற்குள் அவர் வைத்துவிடுகிறார் என்று. அவர்கள் போனதும் நான், "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க சார்" என்றேன்.

வரதன் சார் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் நெசத்த சொன்னா அந்த லைன் எப்படி இருக்கணும்? அதை யோசிங்க ஐயா" என்றார்.

எஸ்தர்தான் மேசையிலிருந்து திரும்பி, "ரிங் போறப்ப லைன் கசிஞ்சா சார்?" என்றார். வரதன் சார் தலையை அசைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். மணி அடிக்கும்போது வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் கம்பியில் மின்சாரம் ஓடும், அதை வைத்துத்தான் "எடுத்துவிட்டார்கள்" என்று நிலையம் தெரிந்துகொள்ளும். கம்பி எங்கேயாவது ஈரத்தில் கசிந்தாலும் அதே போல் மின்சாரம் ஓடும். நிலையம் ஏமாந்துபோய் மணியை நிறுத்திவிட்டு அழைப்பை இணைத்துவிடும். மனைவிக்கு மணி நின்றுபோகும். கணவருக்கு யாரோ எடுத்தது போல இருக்கும், எதிரில் சத்தமே வராது. இரண்டு பேரும் சொன்னது உண்மை.

ஆனால் வெயில் காலத்தில் ஈரம் எங்கிருந்து வரும்? அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வரதன் சாரும் நானும் போனோம். நான் வழக்கமான கருவியை எடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். தன் பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். அவரே கட்டிய ஆம்ப்ளிஃபையர், பேட்டரியில் ஓடுவது. அதன் வாய்ப்பக்கம், லைனில் மாட்டும் பக்கம், எத்தனை ஓம் என்று கேட்டேன். லட்சத்துக்கு மேல் என்றார்.

"சார், லைன் அறுநூறு. பொருத்தமே இல்லையே!"

"நாம பேச வரல ஐயா. கேக்க வந்திருக்கோம். உங்க கருவிய மாட்டினா அது லைன் மேல ஏறி உக்காந்துக்கும். லைன் முழிச்சிக்கும், டயல் டோன் வரும், அந்தச் சத்தத்துல நமக்கு வேண்டியது காணாமப் போயிடும். நாம கேக்கறது லைனுக்கே தெரியக் கூடாது."

சுவரோரம் நின்று தகரப் பெட்டியை மாட்டினார். ஹெட்போனை ஒரு காதில் வைத்தார், மறு பக்கத்தைப் பின்னால் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார். நான் வெயிலில் நின்றேன். ருக்மணி வாசற்படியில் நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பத்தரைக்கு அழைப்பு வரும் என்று சொல்லியிருந்தார், எனக்குப் பதற்றம்.

திடீரென்று வரதன் சார் ஒரு விரலைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் இறக்கினார். மறுபடி தூக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பக்கத்துல என்னமோ இழுக்கறாங்களே, என்னாது அது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சாயப் பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் போடும் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதன் தகர மூடியைத் தரையில் இழுக்கும் சத்தம்தான் அது. மூடியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஆவி குப்பென்று எழுந்து, மேலே போகும் எங்கள் கம்பியின் ஒரு பழைய ஒட்டின் மேல் அடித்தது. ஒட்டில் சுற்றியிருந்த நாடா எப்போதோ உரிந்துபோயிருந்தது. மூடி இழுபடும் சத்தம் அவருடைய ஒரு காதில், எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற கசிவு மறு காதில். மத்தியானத்துக்குள் பட்டறையில் வேலை முடிந்துவிடும், ஒட்டு காய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் ஏழு முறையும் போயிருக்கிறார்கள்.

எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து எஸ்தரை அழைத்தேன். "மூடி தொறந்திருக்குது, இப்ப ரிங் குடு" என்றேன். ருக்மணி வீட்டில் மணி ஒரு முறை அடித்து நின்றது. பட்டறைக்காரரிடம் கெஞ்சி அண்டாவை மூடச் சொல்லி, ஒட்டைத் துணியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி ரிங் கொடுக்கச் சொன்னேன். அடித்துக்கொண்டே இருந்தது. "நிறுத்தட்டுமா சார்?" என்று எஸ்தர் கேட்கும் வரைக்கும் அடித்தது.

புதுக் கம்பியை ஆவி படாத பக்கமாகத் திருப்பிக் கட்டி முடித்தபோது பத்தரை ஆக ஐந்து நிமிடம். அண்டாவைத் திறந்துகொள்ளச் சொல்லிவிட்டோம். வரதன் சார் தகரப் பெட்டியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"இருங்க சார், கால் வரட்டும். கேட்டுட்டுப் போலாம்" என்றேன்.

"வேலை முடிஞ்சிடுச்சில்ல? அப்புறம் என்னா கேக்கறது?"

தெருவுக்கு வந்துவிட்டோம். மணி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ருக்மணி தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றார், எடுக்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. மாமியார் "எடுடி!" என்று கத்தினார். "இரு அத்தே, அடிக்கட்டும்" என்றார் ருக்மணி. ஐந்தாவது மணியில்தான் எடுத்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வரதன் சார் அதற்குள் தெரு முனைக்குப் போயிருந்தார்.

இதெல்லாம் எஸ்தர் வீட்டில், இரும்புப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து நினைவுக்கு வந்தது. சுவரில் ஒட்டியிருந்ததை முப்பத்தாறு வருடம் படித்தவன், அந்தச் சுவருக்கு வெளியே ஒருவர் எனக்குக் காட்டியதை விட்டுவிட்டேன். பொருத்தம் என்பது மைல் கணக்கில் ஓடும் கம்பிக்கு. ஒரு முழ வயரில் எந்தக் குரலும் பாதி வழியில் மோதித் திரும்பப் போவதில்லை. இங்கே வேண்டியது வேறு: அனுப்புகிற பெட்டி திடமாக இருக்க வேண்டும், கேட்கிற ஹெட்போன் அதற்கு ஒரு பாரமாகவே தெரியக் கூடாது.

எண்பது ஓம் என்று ஹெட்போனில் எழுதியிருந்தாலும் எல்லாச் சத்தத்துக்கும் அது எண்பதாகவே இருக்காது. கனத்த சத்தத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். பெட்டிக்குள்ளேயே நூறு ஓம் உட்கார்ந்திருந்தால் அந்த ஏற்றமெல்லாம் காதில் வீக்கமாகத் தெரியும். அந்த மின்விசிறியை வீங்க வைத்ததே என் பொருத்தம்தான். ஒன்றுக்கும் குறைவு என்று காகிதத்தில் பார்த்து நான் ஏளனமாக நினைத்தேனே, அந்த எண்தான் நல்ல பெட்டிக்கு அடையாளம். ஹெட்போனில் எழுதியிருப்பதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பெட்டிக்குள் இருக்கக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு, அதையும் மறந்திருந்தேன். எட்டு பத்து எண்பது. பத்து வரை பொறுக்கலாம். நான் வாங்கிக் கொடுத்தது நூறு.

"எஸ்தர், நாளைக்கு சனிக்கிழம" என்றேன்.

"தெரியும் சார். ஆட்டோக்கு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன?"

"நீங்க ஹெட்போன கழட்டுனீங்களே, அப்பவே மனசுல சொல்லிட்டேன்."

சனிக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். பெட்டி போயிருக்குமோ என்று வழியெல்லாம் எஸ்தரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். ஷெரீப் பாய் எங்களையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா சார், பொருத்தம் சரியில்லியா?"

"ஜாதகத்தை நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் பாய்."

"ரெண்டு பசங்க நேத்து வந்து பேஜார் பண்ணானுங்க. டெலிபோன் சார் சொல்லி வெச்சிருக்காருன்னு சொல்லிட்டேன்" என்று சின்னப் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். இரும்பை உள்ளே தூக்கி வைக்கும்போது, "இதுக்கும் ஒருத்தன் வருவான். ஓம் ஜாஸ்தியா இருக்கற ஹெட்போன் வெச்சிருப்பான். உங்கள மாதிரி ஒரு ஆளு அவன்கூட வராம இருந்தா சரி" என்றார். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவரை அழைக்கவில்லை. அழைக்காமல் இருப்பதற்காகத் தொலைபேசியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் எஸ்தர் கூப்பிட்டார்.

"சார், சும்மாதான் இருக்கீங்களா? வூட்டாண்ட வாங்களேன்."

"என்ன ஆச்சு? சொல்லிட்டு வை."

"வாங்க சார்."

போனேன். உள் அறையிலிருந்து, "டெலிபோன்காரர் வந்துட்டாரா? வேலை குடுத்துட்டாங்களாமே, அவருக்கு ஒரு டீ போட்டுக் குடுடி" என்று குரல் வந்தது. எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் சொல்றதுக்குள்ள ஒடச்சிட்டாங்க சார்." மூன்றாவது தொகுப்பு தேறிவிட்டது. முதல் மாதத்துக்கான பதிவுகளையும் அனுப்பிவிட்டார்களாம்.

மேசையில் லேப்டாப், பக்கத்தில் கைக்குள் அடங்கும் அந்தக் கறுப்புப் பெட்டி. விளக்கு எரிந்தது.

"புதுசு சார். நானே இன்னும் கேக்கல. மொதல்ல நீங்க பாருங்க, எப்படி இருக்குதுன்னு."

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். கை தானாக ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளியது. பதிவு ஓடத் தொடங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் இல்லை, ரீங்காரம் இல்லை, அந்த வீக்கம் இல்லை.

"சத்தமே வரலியே. வயர் வுட்டுப்போச்சா? நல்லா சொருவினியா?"

"இருங்க சார். அந்தம்மா இன்னும் ஆரம்பிக்கல."

காத்திருந்தேன். தெருப்பக்கக் காதில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மறு காதில், எங்கேயோ ஒரு வீட்டில், எவ்வளவோ தூரத்தில், ஒரு மின்விசிறி சன்னமாகச் சுற்றியது. யாரோ பாயில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வளையல் ஒன்று மற்றொன்றைத் தொட்டது. பிறகு ஒரு பெண் பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தார்.

நான் ஹெட்போனைக் கழற்றி எஸ்தரிடம் கொடுத்தேன்.